பதினேழாவது வாரம்

லிமனோவா,
8 பிப்ரவரி 2004, ஞாயிறு

அன்புள்ள தம்பி இரெக்குக்கு,

இங்கே ஒருவரும் படுத்துக் கிடக்கவில்லை, அடுப்புக்கு விறகும் இருக்கிறது. இதையே நலம் என்று எடுத்துக்கொள். நீ கேட்ட கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி இந்த வாரப் பார்சலில் வரும். டனூட்டா பின்னியது. ஒன்று சற்றுப் பெரிதாக வந்துவிட்டது. உன் பெண்டாட்டிக்கு உன் கால் அளவு மறந்துவிட்டதோ என்று கேலி செய்தேன், அழுதுவிட்டாள். இனி கேலி செய்யவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பொறியாளர் உரிமத் தேர்வுக்கு இந்த மாதம் இருபத்தேழாம் தேதிக்குள் காகிதமெல்லாம் கிராக்கோவ் போய்ச் சேர வேண்டும். பட்டச் சான்றிதழ், பிறந்த சான்றிதழ், போலீஸ் தேடுகிறவள் மாதிரி முழிக்கும் இரண்டு போட்டோ, எல்லாம் அட்டைக் கோப்பில் தயார். பயிற்சிப் புத்தகம் மட்டும் இன்னும் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. கையில் எடுக்க முடியவில்லை, இரெக்.

நாற்பத்திரண்டு வயதில் எனக்கு இது தேவையா என்று ரோமன் கேட்கிறான். பஸ் ஓட்டுகிற என் வீட்டுக்காரனுக்கு என்ன தெரியும். இரண்டு வருஷம், நூற்று நான்கு வாரம், ஒவ்வொரு வாரமும் சைட்டில் என்ன செய்தேன் என்று ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் உரிமம் பெற்ற பொறியாளரின் கையெழுத்து, முத்திரை. என் புத்தகத்தில் அந்தப் பொறியாளர் யார்? நான் மூக்குச் சிந்திவிட்ட பயல். அப்போது அது எவ்வளவு சிரிப்பாக இருந்தது! அப்பா வீட்டுச் சமையலறையில் ஞாயிற்றுக்கிழமை கோழி சூப்பை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுப் பத்துப் பன்னிரண்டு வாரத்தை ஒரே மூச்சில் எழுதுவோம். நான் சொல்லச் சொல்ல நீ 'டொக் டொக்' என்று முத்திரை குத்துவாய். ஒரு நாள் நீயாக எழுந்துபோய் அடுப்பில் விறகு தள்ளினாய். வாழ்நாளில் முதல் தடவை. "மழை வரும்டா இன்னிக்கு" என்று அப்பா சொன்னார்.

பதினேழாவது வாரம் என்று சொன்னால் போதும், உனக்குத் தெரியும். மேலே எழுத மாட்டேன். கவரைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்று நீதான் சொன்னாய்.

எனக்கு ஒரு வியாதி வந்திருக்கிறது. எங்கே போனாலும் மேலே பார்க்கிறேன். தபால் ஆபீஸில் மேலே பார்க்கிறேன், பல் டாக்டர் வீட்டில் மேலே பார்க்கிறேன். கோயிலில் நடு வரிசையில் உட்கார முடியவில்லை, தூண் ஓரமாக நின்றே பூசை காண்கிறேன். பக்தி முற்றிவிட்டது என்று பாதிரியார் நினைக்கிறார்.

என்ன செய்ய, சொல்.

உன் அக்கா,
லிடியா


சிறை, இரண்டாம் பகுதி,
15 பிப்ரவரி 2004

அன்புள்ள அக்காவுக்கு,

காலுறை வந்தது. பெரியதை இரவல் கொடுத்திருக்கிறேன், இங்கே ஆறடி நான்கங்குலத்தில் ஒரு திருடன் இருக்கிறான்.

அக்கா, புத்தகத்தைக் கொடு. பேசாமல் கோப்பில் வைத்துக் கொடு. நூற்று நான்கு வாரத்தில் ஒரு வாரத்தை எவன் பார்க்கப் போகிறான்? இந்த நாட்டில் முத்திரை வைத்திருக்கிற ஒவ்வொருவனின் புத்தகமும் ஞாயிற்றுக்கிழமைச் சமையலறையில் எழுதினதுதான். பக்கங்களுக்கு எண் போட்டிருக்கிறது, கிழிக்க முடியாது. ஒரு வாரம் விட்டுப் போனால் இரண்டு வருஷத்தையும் முதலிலிருந்து செய்யச் சொல்வார்கள். யாரிடம் செய்வாய்? என் முத்திரையைத்தான் பிடுங்கிவிட்டார்களே.

நம் கம்பெனிக் கதவில் பூட்டுத் தொங்குகிறது. நீ உரிமம் வாங்கினால்தான் அது திறக்கும். டனூட்டா பிள்ளைகளோடு அந்தப் பூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அடுத்த வருஷம் மார்ச்சில் முன்விடுதலை விசாரணை. நல்ல பேரோடு போனால் ஈஸ்டருக்கு வீட்டில் இருப்பேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நீ ஊதாதே.

மேலே பார்க்கிற வியாதி எனக்கும் உண்டு. இங்கே உணவுக்கூடத்துக் கூரை பழைய மரம். பனி விழுந்தால் ஒரு சத்தம் வரும். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், நான் கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன். "இஞ்சினியரு பிரார்த்தன பண்றாரு" என்று சிரிப்பார்கள்.

பயப்படாதே. நான் இருக்கிறேன்.

உன் தம்பி,
இரெக்


லிமனோவா,
28 பிப்ரவரி 2004

அன்புள்ள இரெக்,

நேற்று கொடுத்துவிட்டு வந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண், புத்தகத்தைச் சீட்டுக்கட்டு மாதிரி புரட்டி, பக்கத்தை எண்ணி, "சரி" என்றாள். அவ்வளவுதான். வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். அங்கேயும் ஒரு கூரை. நான்கு போல்ட்டு. இரண்டு துருப்பிடித்தது.

எதைச் சொல்லாமல் இருந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வியாழக்கிழமைச் சந்தையில் ரொஸாலியா மாதெயாவைப் பார்த்தேன். இறந்துபோன ஃபிட்டர் லூத்விக்கின் மனைவி. முட்டை விற்றுக்கொண்டிருந்தாள். நான் தலையைத் திருப்புவதற்குள் அவளே கூப்பிட்டாள். "தம்பி எப்படி இருக்காரும்மா? அங்க குளிராமே" என்று உன்னைப் பற்றிக் கேட்டாள், இரெக்! நம் கம்பெனி போட்ட கூரை விழுந்து புருஷனைப் பறிகொடுத்தவள் உனக்குக் குளிருமோ என்று கேட்கிறாள்.

பக்கத்துக் கடைக்காரி அவள் நகர்ந்ததும் என் காதில் ஓதினாள். "பாவம்தான். ஆனா அந்தாளே போல்ட்ட கழட்டி சங்கிலி மாட்டினானாம்ல, பீரோ தூக்க. கோர்ட்டே சொல்லிடுச்சு. தன் தலையில தானே போட்டுக்கிட்டான். ஒங்க தம்பி வீணா உள்ள போய்ட்டாரு."

நான் பத்து முட்டை வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் அதை உடைக்கக் கை வரவில்லை. ரோமன் ஆம்லெட் போட்டுத் தின்றான்.

லிடியா


(தேதி இல்லை. ஏப்ரல்)

அக்கா,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. இன்று விடுதலையாகிப் போகிற ஒருவன் சட்டைக்குள் வைத்து எடுத்து வருகிறான். அந்த ஆறடித் திருடன்தான், நல்லவன், சாப்பாடு போட்டு அனுப்பு. யாரும் பிரித்துப் படிக்க மாட்டார்கள் என்பதால் பச்சையாக எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போடு.

வாய்மொழித் தேர்வில் பயிற்சிப் புத்தகத்திலிருந்தும் கேள்வி கேட்பார்கள். நூற்றில் ஒரு வாய்ப்பு அந்த வாரத்தைக் கேட்கலாம். அதனால் நடந்ததையும் நீ சொல்ல வேண்டியதையும் பிரித்து மண்டையில் ஏற்றிக்கொள்.

நடந்தது என்ன? கமியென்னாவில் மரச்சாமான் கடைக் கட்டிடம், 2000-ஆம் வருஷம் செப்டம்பர் மூன்றாம் வாரம். கூரையைத் தாங்கும் இரும்பு கர்டர் எல்லாம் ஏற்றியாகிவிட்டது, போல்ட்டு முடுக்கியதைச் சரிபார்த்துவிட்டுக் கூரைத் தகடு போட வேண்டும். நாம் இரண்டு பேருமே சைட்டில் இல்லை. அப்பாவின் நிலத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தோம். மழை வருமுன் தோண்டாவிட்டால் அப்பா நம்மைத் தோண்டிப் புதைத்திருப்பார். வியாழக்கிழமை லூத்விக் மோட்டார் சைக்கிளில் வரப்பு வரைக்கும் வந்தார். "சார், மூணாவது கர்டர நீங்க ஒரு தடவ பாக்கணும், அப்பறம் மூடலாம்" என்றார். "நாளைக்கு கிரேன் வருது, நிறுத்தினா நாலு நாள் போயிடும். மூடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். நீ கூடையோடு நின்றாய். அவருக்குச் சாம்பலில் சுட்ட கிழங்கு கொடுத்தாய், ஒரு பை நிறையக் கட்டியும் கொடுத்தாய்.

பிறகு ஒரு குளிர்காலத்தில் பனி ஏறி அந்தக் கூரை அவர் மேலேயே விழுந்தது. கோர்ட்டில் நான் சொன்னது வேறு. வியாழக்கிழமை நானே ஏறிப் பார்த்தேன், எல்லாம் இறுக்கமாக இருந்தது, பிற்பாடு கடையில் காவலுக்குச் சேர்ந்த லூத்விக் சங்கிலி மாட்டுவதற்காகக் கழற்றியிருக்க வேண்டும். சங்கிலி உண்மையாகவே அங்கே தொங்கியது. கோர்ட்டு பாதி நம்பியது, எனக்கு மூன்று வருஷம். நம்பாமல் இருந்தால் எட்டு.

நீ சொல்ல வேண்டியது, உன் புத்தகத்தில் எழுதியிருப்பதுதான்: "கூரை இணைப்புகளின் போல்ட்டுகளை மேற்பார்வையாளருடன் சரிபார்த்தல்." தடுமாறாதே. ஸ்பேனரின் அளவு, எத்தனை போல்ட்டு, எந்த வரிசையில் என்று சொல். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, வரைபடமே நீ போட்டதுதானே.

செத்தவருக்கு இனி என்ன நஷ்டம், அக்கா? இருக்கிறவர்களைப் பார்.

இரெக்


லிமனோவா,
30 மே 2004

அன்புள்ள இரெக்,

பாஸ். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நகத்தைக் கடிக்காதே. இதுவும் தபாலில் வரவில்லை, உள்ளே சேர்ப்பிக்க உன் ஆறடித் திருடன் ஆள் பிடித்திருக்கிறான்.

எழுத்துத் தேர்வைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. வாய்மொழி செவ்வாய்க்கிழமை. நடைபாதையில் பதினோரு ஆண்கள், எல்லோரும் என் மகன் வயசு, எல்லோரும் ஒரே நீலக் கோட்டு. ஒருவன் வாந்தி எடுத்துவிட்டு வந்து மிட்டாய் தின்றான். நான் உள்ளே போனதும் முதலில் மேலே பார்த்தேன். கான்கிரீட் கூரை. மூச்சு வந்தது.

மூன்று பேர். நடுவில் ஒரு அம்மாள், வெள்ளை முடி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. சீட்டுக் குலுக்கி எடுத்த கேள்விகளை முடித்தேன். பிறகு அவர் என் புத்தகத்தை இழுத்தார். புரட்டவேயில்லை, இரெக். பெருவிரலை விட்டுத் திறந்தார். அதே பக்கம்!

"கமியென்னா. அந்த விழுந்த கட்டிடமா இது?"

"ஆமா."

"பதினேழாவது வாரம். போல்ட்டு செக் பண்ணியிருக்கீங்க. சொல்லுங்க, எப்படி பண்ணினீங்க?"

வாயைத் திறந்தால் அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது என்ன தெரியுமா? பாடம்! காலை ஏழு மணிக்கு ஏறினோம் என்றேன். அளவு ஸ்பேனரை யாரிடம் வாங்கினோம் என்றேன். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனோம், பார்த்த ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டோம் என்றேன். மூன்றாவது கர்டரில் காற்று அடித்தது, தொப்பி பறந்தது என்றுகூடச் சொன்னேன். அந்தத் தொப்பி எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியாது.

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் இறுக்கமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்பறம் எப்படி விழுந்துச்சு?"

"கோர்ட்டு சொல்லியிருக்கு" என்றேன்.

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "இந்த வருஷம் கேட்டதுலயே நல்ல பதில்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது மிட்டாய் பையன் "எப்படிக்கா?" என்று கேட்டான். நேரே கழிப்பறைக்குப் போய்க் கையைக் கழுவினேன், கழுவிக்கொண்டே இருந்தேன். தேர்வில் தோற்றுவிடுவேன் என்றுதான் இத்தனை நாள் பயந்தேன். இனி என்னைப் பார்த்தே எனக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவு அழகாகப் பொய் சொல்லத் தெரியும் எனக்கு.

அப்பா ஆடு வெட்டுகிறேன் என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

லிடியா


சிறை,
6 ஜூன் 2004

அக்கா! என் பொறியாளர் அக்கா!

காவலாளியிடம் சொல்லி இரண்டு கறுப்புக் காபி வாங்கி, ஒன்றை உன் பேருக்குக் குடித்தேன். அழுதேன், வெட்கமில்லாமல். ஸ்டாம்ப் கடைக்குப் போ, நல்ல மரப்பிடி போட்டதாகச் செய். பிளாஸ்டிக் வேண்டாம், கையில் வழுக்கும். கம்பெனிக் கதவைத் திறந்து ஜன்னலை எல்லாம் ஒரு நாள் திறந்து போடு, பூஞ்சை வாடை போகட்டும்.

தொப்பி பிரமாதம். நீ சின்ன வயசிலிருந்தே கதை சொல்வாய். அதை நினைத்து வருந்தாதே. எல்லாம் முடிந்துவிட்டது. மார்ச் பதினான்கு என் விசாரணை. நாள் எண்ணுகிறேன்.

இரெக்


லிமனோவா,
7 டிசம்பர் 2004, செவ்வாய்

அன்புள்ள இரெக்,

ஆறு மாதமாக இரண்டு வரிக் கடிதம்தான் போடுகிறேன் என்று கோபித்துக்கொண்டாய். இது பெரிய கடிதம். உட்கார்ந்து படி. இதைப் பிரித்துப் படிக்கும் அதிகாரியும் தயவுசெய்து உட்கார்ந்து படிக்கட்டும். அவரிடமிருந்து மறைக்க இனி ஒன்றும் இல்லை.

ஜூன் கடைசியில் சான்றிதழ் கொடுத்தார்கள். வரிசையாக நிறுத்தி உறுதிமொழி சொல்ல வைத்தார்கள். மற்றவர்கள் சத்தமாகச் சொன்னார்கள், நான் உதட்டை மட்டும் அசைத்தேன். ஸ்டாம்பு செய்தேன், நீ சொன்ன மரப்பிடி. தேயிலை டப்பாவில் போட்டு அலமாரி உச்சியில் வைத்தேன். மை தொடவில்லை. கம்பெனி ஜன்னலைத் திறந்தேன், ஒரு வேலையும் எடுக்கவில்லை. டனூட்டா கேட்கும்போதெல்லாம் "மூடுபனி விலகட்டும்", "மழை நிற்கட்டும்" என்று சாக்குச் சொன்னேன். வெயில் காலத்தில் என்ன சாக்குச் சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை.

போன புதன்கிழமை முதல் பெரும் பனி. முழங்கால் வரைக்கும். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவு தட்டுகிறார்கள். ரொஸாலியா மாதெயா. காலில் ரப்பர் பூட்ஸ், கையில் முட்டைக் கூடை.

"லைசென்ஸ் வாங்கிட்டீங்களாமே. சந்தையில சொன்னாங்க" என்றாள். "ஒரு தயவு பண்ணணும். எங்க வீட்டுக் கூரைய வந்து பாருங்கம்மா. பனி ஏறினதிலிருந்து கதவோரமா நாற்காலி போட்டு, கோட்ட மாட்டிக்கிட்டே ஒக்காந்திருக்கேன். படுத்தா மேல விழுற மாதிரியே இருக்கு. நல்லாருக்குன்னு ஒரு தாள்ல எழுதி முத்திர குத்திக் குடுங்க. அத செவுத்துல ஒட்டி வெச்சுட்டு நான் படுத்துக்குவேன்."

"ஊர்ல வேற இஞ்சினியர் இல்லையா?" என்றேன்.

"இருக்காங்க. எனக்கு ஒங்களத்தான் நம்பிக்கை."

போனேன், இரெக். டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனேன். பரண்மேல் ஏறினேன். டார்ச் அடித்து ஒவ்வொரு மரமாக, ஒவ்வொரு முளையாகக் கையால் தொட்டுப் பார்த்தேன். இரண்டு மணி நேரம். நல்ல கூரை. லூத்விக் கையால் போட்டது; ஒவ்வொரு இணைப்பிலும் சுண்ணாம்பால் சிறிய கோடு, சரிபார்த்ததற்கு அடையாளம். தன் வீட்டுக்குக்கூட அந்த ஆள் கோடு போட்டிருக்கிறார். நான் தேர்வில் சொன்ன மஞ்சள் கோடு ஞாபகம் வந்தது. அங்கேயே மண்டி போட்டுக்கொண்டு வாயைப் பொத்தி அழுதேன்.

கீழே இறங்கினேன். டீ வைத்திருந்தாள். தாள், பேனா எல்லாம் தயார். "கூரை நல்லாருக்கு" என்று எழுதினேன். டப்பாவைத் திறந்தேன். மையைத் தொட்டேன். ஸ்டாம்பைத் தாளுக்குமேல் கொண்டுபோய்விட்டு, திரும்ப மேஜையில் வைத்தேன்.

"என்மேல உங்களுக்கு எதனால நம்பிக்க?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு உருளக்கெழங்கு கட்டிக் குடுத்தீங்களே" என்றாள். "வியாழக்கெழம. வயலுக்கு வந்தாராமே. வீட்டுக்கு வந்து பைய வெச்சுட்டு, 'அந்த அக்காதான் என் மூஞ்சியப் பாத்துச்சு'ன்னாரு. எதுக்குப் போனீங்கன்னு கேட்டேன், சொல்லல. அவரு வேல விஷயம் வீட்ல பேசமாட்டாரு." பிறகு டீக்கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏம்மா, நெசமாவே அவருதான் கழட்டினாரா? ஊரே சொல்லுது. நானும் நம்பப் பாக்கறேன். வரமாட்டேங்குது."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது, இரெக். லூத்விக் வியாழக்கிழமை வயலுக்கு வந்தது அவளுக்கு இத்தனை வருஷமும் தெரியும். அதே வியாழக்கிழமை நீ கூரையில் ஏறிப் பார்த்ததாகக் கோர்ட்டில் சொன்னாய். அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சொல்லிவிட்டேன். வயல், கிரேன், நீ சொன்னது, நான் கூடையோடு நின்று வாயைத் திறக்காதது, ஞாயிற்றுக்கிழமை சூப்புப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் எழுதினது, தேர்வில் பறந்த தொப்பி, எல்லாம்.

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "அப்ப வந்து கேட்டாரா?" என்றாள்.

"கேட்டாரு."

"மூடறதுக்கு முன்னாடி பாருங்கன்னு கேட்டாரா?"

"கேட்டாரு."

"கேட்டிருக்காரு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு என் கோப்பையை எடுத்து, "ஆறிப்போச்சு" என்று கொட்டிவிட்டு வேறு டீ ஊற்றினாள். அந்தத் தாளை என் பக்கம் தள்ளவே இல்லை. நானும் குத்தவில்லை.

வெள்ளிக்கிழமை அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போய்ப் புத்தகத்தைக் கொடுத்தேன், வாக்குமூலமும் கொடுத்தேன். மூன்று பக்கம். நீ கெட்டவன் இல்லை, கிரேனுக்கும் அப்பாவுக்கும் பயந்துதான் அப்படிச் சொன்னாய் என்று எழுதச் சொன்னேன். அது சாட்சியம் ஆகாது என்று எழுத மறுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை கிராக்கோவுக்குச் சான்றிதழையும் ஸ்டாம்பையும் பார்சல் போட்டேன். தேர்வுக் குழு அம்மாளுக்குத் தனியாக ஒரு கடிதம். என்மேலும் வழக்கு வரும் என்றார்கள். வரட்டும்.

டனூட்டா வீட்டுக் கதவை எனக்குத் திறக்கவில்லை. அப்பா பேசவில்லை, ஆனால் என் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்.

மார்ச்சில் நீ வரமாட்டாய். உன் ஈஸ்டரை நான்தான் பிடுங்கினேன். இதை எழுதும்போது உன் பதிலை நினைத்துப் பயப்படுகிறேன். பதில் வராமலே போய்விடுமோ என்று நினைத்தால் இன்னும் பயம்.

கிறிஸ்துமஸ் இரவில் மனத்தாங்கலை மறந்து பிட்டுக்கொள்கிற மெல்லிய அப்பம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். வழக்கம்போல இங்கே மேஜையில் உன் தட்டு இருக்கும். அப்பத்தை என்னோடு பிட்டுக்கொள்ள மனசில்லை என்றால் பறவைக்குப் போடு.

உன் அக்கா,
லிடியா


சிறை,
17 டிசம்பர் 2004

அன்புள்ள அக்காவுக்கு,

நான்கு நாள் உன்னைத் திட்டினேன். வாய்க்கு வந்ததெல்லாம். கேட்கப் பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்தான், அவனே போதும் நிறுத்து என்றான். ஐந்தாம் நாள் உணவுக்கூடத்தில் பனிச் சத்தம் வந்தது. கரண்டியைக் கீழே வைத்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

உன் வாக்குமூலத்தில் ஒரு தப்பு இருக்கிறது. லூத்விக் ஒரு தடவை வந்தார் என்று சொல்லியிருக்கிறாய். அவர் இரண்டு தடவை வந்தார்.

சனிக்கிழமை மத்தியானம். நீ சூப்பு வைக்க வீட்டுக்குள் போயிருந்தாய். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் நான் உருளைக்கிழங்கு வண்டியின் தார்ப்பாய்க்குள் புகுந்துகொண்டேன். முப்பத்திரண்டு வயதுப் பொறியாளன், அக்கா, மண்ணும் கிழங்கும் மூக்கில் ஏறப் படுத்திருந்தேன். "சார் இருக்காரா?" என்று கேட்டார். "டவுனுக்குப் போயிட்டான்" என்றார் அப்பா. லூத்விக் உடனே போகவில்லை. அப்பாவுக்கு மூட்டை ஏற்றிக் கொடுத்தார், நான் படுத்திருந்த வண்டியிலேயே. ஒரு மூட்டை என் காலில் பட்டது. பிறகு வேலியில் தொங்கிய என் கோட்டுப் பையில் எதையோ வைத்துவிட்டுப் போனார்.

என்ன வைத்தார் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை உன் புத்தகம் எழுத உட்கார்ந்தோமே, பேனா எடுக்கப் பையில் கை விட்டேன், பேனாவோடு அந்தத் தாளும் வந்தது. பென்சிலில் எழுதியிருந்தது: "மூணாவது கர்டர். ஆறு போல்ட்டு கையால்தான் முடுக்கியிருக்கு. தகடு இன்னும் போடல, திங்க வரைக்கும் தள்ளி வெச்சிருக்கேன். வந்து பாருங்க சார். லூ. மாதெயா."

எனக்காக அவர் கிரேனையே நிறுத்தி வைத்திருந்தார், அக்கா. திங்கட்கிழமை ஏறிப் பார்த்திருந்தால் அரை மணி வேலை. நான் கிரேன்காரனிடம் போனில் மூடச் சொன்னேன். தாளைத்தான் அடுப்பில் போட்டேன். நான் விறகு தள்ளினேன் என்று இத்தனை வருஷம் கேலி செய்தாயே, அது விறகு இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, நீ பதினேழாவது வாரம் என்று சொல்ல, முத்திரையைக் குத்தினேன்.

நேற்று இதையெல்லாம் இங்கே அதிகாரியிடம் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். "யோசிச்சு கையெழுத்துப் போடு" என்றார். "அன்னிக்கு யோசிக்காம போட்டேன் சார்" என்றேன். இனி எத்தனை வருஷம் என்று தெரியாது. பயமாக இருக்கிறது, அக்கா. தார்ப்பாய்க்குள் இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது.

டனூட்டாவுக்கு நானே எழுதியிருக்கிறேன். உன் கதவை அவள் தட்டுவாள். கொஞ்ச நாள் பொறு.

அப்பம் வழியில் உடைந்துதான் வந்தது. ஒரு துண்டு நான் சாப்பிட்டேன், அது உன்னோடு பிட்டுக்கொண்டது. மற்றதை இதே கவரில் வைத்திருக்கிறேன். ரொஸாலியா அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடு. லூத்விக் இரண்டு தடவை வந்து கேட்டார் என்று சொல், பிறகு கொடு. அவர்கள் வாங்கவில்லை என்றால் நீ வைத்துக்கொள்ளாதே, எனக்கே திருப்பி அனுப்பு.

கவரை ஒட்டாமல் கொடுத்திருக்கிறேன்.

உன் தம்பி,
இரெக்